நெஞ்சுப்புண்

ஏழாயிரம்பண்ணைத் தீப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி அடைக்கிற பெண்களில் பஞ்சம்மாள் கை வேகமானவள். ஊர்க்கதை பேசிக்கொண்டே அடைப்பாள். அவள் ஒரு பிடி அள்ளினால் ஒரு பெட்டிக்கான குச்சிகள் கூடாமல் குறையாமல் வரும். அறுபத்தொன்றாம் வருஷம் புரட்டாசி வாக்கில் அவளுக்கு இருமல் கண்டது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குச்சி முனையில் இருப்பதற்கும் அந்தப் பக்கம் மருந்து என்றுதான் பேர். "மருந்துக் காத்து நெஞ்சுல எறங்கியிருக்கும், போகப் போகச் சரியாப்போகும்" என்றார்கள்.

தை மாதம் இருமலோடு ரத்தம் வந்தது. புருஷன் முத்துக்கருப்பன் அவளை பஸ் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்த டாக்டர், பின்னால் நின்ற கூட்டத்தில் ஒரு கண்ணாக, "எலும்புருக்கி. மாத்திரை இருக்கு, ஊசி இருக்கு. விடாம எடுத்தா குணமாகும்" என்றார்.

முதல் வார்த்தைக்குப் பிறகு பஞ்சம்மாளின் காதில் எதுவும் விழவில்லை. அவளுடைய அய்யா அந்தப் பேரோடுதான் ஊருக்கு வெளியே தனிக் குடிசையில் கிடந்து செத்தார். காலையில் தன் காலால் நடந்து பஸ் ஏறியவளை, சாயங்காலம் முத்துக்கருப்பன் தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது.

அதன்பிறகு அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள்தான். கம்பெனிப் பெண்கள் தெருமுனை வரை வந்து விசாரித்துவிட்டுத் திரும்பினார்கள். ஊசி போட ஆஸ்பத்திரியிலிருந்து லட்சுமிகாந்தம் என்ற நர்ஸ் பஸ்ஸில் வருவாள். விருதுநகர்க்காரி, ஏறக்குறைய பஞ்சம்மாள் வயதுதான். ஒரு நாள் அவள் பாயை உதறிப் போடும்போது, அதுவரை கொடுத்த மாத்திரைகளெல்லாம் தரையில் உருண்டன.

லட்சுமிகாந்தம் சத்தம் போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரொம்பக் கசக்குதா?"

"எலும்பே உருகிப்போற சீக்குக்கு மாத்திரை என்ன செய்யும் நர்சம்மா? எங்க அய்யாவைப் பாத்தவதானே நான். உங்களுக்குத்தான் வீண் அலைச்சல்."

பஞ்சம்மாளின் மணிக்கட்டுக்கு மேல் ஒரு பழைய தழும்பு இருந்தது. லட்சுமிகாந்தம் அதைத் தொட்டாள். "இது என்ன?"

"அடைக்கையில குச்சி பத்திக்கிட்டுது."

"லேசுல ஆறிருச்சா?"

"எங்க? அரிப்புத் தாங்காம பொருக்கைப் பிச்சேன். மறுபடி சீழ் வச்சிருச்சு. அதுக்கப்புறம் கையே வைக்கல."

"உன் நெஞ்சுக்குள்ளயும் ஒரு புண்ணுதான் பஞ்சம்மா. உள்ள இருக்கதால ஆற நாளாகும். பூசுறதுக்குக் கை எட்டாது, அதனால முழுங்குறோம். பாதியில சொகமான மாதிரி இருக்கும். அப்ப நிறுத்துனா பொருக்கைப் பிச்ச கதைதான்."

பஞ்சம்மாள் யோசித்தாள். "அப்ப இது ஆறுற புண்ணா?"

"ஆறும். இருமும்போது மட்டும் முந்தானையால வாயைப் பொத்திக்கோ. அடுத்தவுகளுக்கு ஒட்டிரும்."

அன்றைக்கு அவள் கண் முன்னாலேயே பஞ்சம்மாள் மாத்திரையை விழுங்கினாள்.

டீக்கடையில் கேட்டவர்களிடமெல்லாம் முத்துக்கருப்பன், "நெஞ்சுல புண்ணு, ஆறிக்கிட்டு வருது" என்றான். புண் என்றதும் தெருவுக்குப் பயம் கொஞ்சம் விட்டது. கம்பெனித் தோழி கருப்பம்மாள் கருவாட்டுக் குழம்போடு வந்து வாசலில் உட்கார்ந்து, விட்டுப்போன ஊர்க்கதையையெல்லாம் சொல்லி முடித்தாள்.

ஆடி பிறக்கும்போது பஞ்சம்மாளின் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. இருமல் நின்றிருந்தது. ஆனால் மாத்திரை குமட்டியது. பாதி நாள் வாந்தி எடுத்தாள். "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே, விட்டுருவோமே" என்றாள். முத்துக்கருப்பன் அதிகம் பேசாதவன். ஒரு கையில் மாத்திரையும் மறுகையில் கருப்பட்டித் துண்டுமாக, அவள் முகம் கழுவி வரும் வரை நின்றான்.

"பொருக்கு தானா விழட்டும் புள்ள."

அவள் முறைத்துவிட்டு வாயைத் திறந்தாள். மறுநாளும் அப்படித்தான் நின்றான். அதற்கு அடுத்த பொங்கல் கழிந்தும் நின்றுகொண்டிருந்தான்.

கடைசியாக எடுத்த படத்தில் நெஞ்சு சுத்தமாக இருந்தது. ஆஸ்பத்திரி மரத்தடியில் பஞ்சம்மாள் லட்சுமிகாந்தத்தைத் தனியாக அழைத்துக் கேட்டாள்.

"நர்சம்மா, எனக்கு இருந்தது எலும்புருக்கிதானே?"

லட்சுமிகாந்தம் கொஞ்சம் தயங்கினாள். "ஆமா. நான் சொன்ன புண்ணும் பொய்யில்ல. ஆனா அதுக்குப் பேரு எலும்புருக்கிதான்."

"ரெண்டும் ஒண்ணுதான்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் கேக்காம இருந்தேன். அந்தப் பேரை வச்சுக்கிட்டு ஒரு மாத்திரைகூட முழுங்கியிருக்க மாட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். லட்சுமிகாந்தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

மறுவருஷம் அவளே பஞ்சம்மாளைத் தேடி வந்தாள். வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் சோணைமுத்து என்று வெள்ளாமை பார்க்கிற ஒரு சம்சாரி. தோட்டமும் காடும் உள்ள வீடு. அவருக்கும் அதே நோய். மாத்திரையைத் தொட மாட்டேன் என்கிறார். புண் என்று சொல்லிப் பார்த்தாளாம். "பிள்ளைகளுக்குச் சொல்ற கதையை எங்கிட்ட சொல்லாதீக. என்ன சீக்குன்னு எனக்குத் தெரியும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

பஞ்சம்மாள் அவளோடு போனாள். கூலி வேலைக்கல்லாமல் அந்த மாதிரி வீட்டுக்கு அவள் போனதில்லை, வாசலோடு நின்றாள். சோணைமுத்து வேப்பமர நிழலில் கட்டிலில் கிடந்தார். அவர் மனைவி வெள்ளைத்தாய் தலைமாட்டில் நின்றாள்.

"அய்யா, எனக்கும் எலும்புருக்கிதான் வந்துச்சு" என்றாள் பஞ்சம்மாள். அந்த வார்த்தையை வேற்று மனிதர் முன்னால் அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு கட்டில் பக்கம் வந்து கையை நீட்டினாள். "எலும்பு இருக்கான்னு தொட்டுப் பாருங்க."

பஞ்சம்மாளின் சாதிக்காரர்கள் கையை அவர் தொட்டதே கிடையாது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இரண்டு விரலால் அவள் மணிக்கட்டை அழுத்திப் பார்த்தார்.

"கெட்டியாத்தான் இருக்கு."

"உருகாதுய்யா. பேர்தான் அப்படி வச்சிருக்காக. நெஞ்சுலதான் நோவு. மாத்திரை கசக்கும், வாந்தி வரும், அம்புட்டையும் மீறித் திங்கணும். நான் தின்னேன்."

சோணைமுத்து அவள் கையை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வெள்ளைத்தாய் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"உள்ள வந்து உக்காரு தாயி" என்றாள் பஞ்சம்மாளிடம். "அந்த மாத்திரையைச் சோத்துக்கு முந்தித் தரணுமா, பிந்தியா?"