பருத்திப்பட்டில் ஒரு கிரேக்கப் பிணம்

பள்ளிக்கூடத்தில் நாடகம் போடுவது என்றால் முக்கால்வாசி, விழுந்த மீசையை ஓடிப்போய் ஒட்டுகிற வேலைதான். மீதிக் கால்வாசியில் ஏதோ கலை இருக்கிறது என்று நம்பி ஒவ்வொரு வருஷமும் போய்த் தலையைக் கொடுக்கிறோமே, அந்த அப்பாவிக் கூட்டத்தில் நானும் ஒருவன். பருத்திப்பட்டு ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். என்னைப் போலவே ஆண்டு விழாவில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக ஆசிரியர்களே, போன வருஷம் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். பட்ட பாடு என்று சொல்கிறேனே தவிர, இப்போது நினைத்தால் எல்லோருக்கும் ஒரு கும்பிடு போடத்தான் தோன்றுகிறது.

உலகத் தரம்

பள்ளி மதில் சுவரில் ‘உலகத் தரமான கல்வி’ என்று பெயின்ட் அடித்த கையோடு தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். “இந்த வருஷம் வெறும் டான்ஸா வேண்டாம் சார். உலகத் தரத்துல ஒரு நாடகம் போடுங்க” என்றார். நானாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “பழைய கிரேக்க நாடகம் ஒண்ணு போடலாமா மேடம்?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

கதையையும் சொன்னேன். பட்டத்துக்காக ஒரு பெண்ணின் அண்ணன்கள் இருவர் சண்டை போட்டு, இருவருமே சாகிறார்கள். அடுத்துப் பட்டத்துக்கு வந்த மாமன், ஒருவனை அரச மரியாதையோடு அடக்கம் செய்கிறான். இன்னொருவன் துரோகி, அவன் மேல் யாரும் ஒரு பிடி மண் போடக் கூடாது, போட்டால் மரண தண்டனை என்று ஆணை போடுகிறான். தங்கச்சி போய் மண் போடுகிறாள். தண்டனையில் அவளும் சாகிறாள், அவளைக் கட்டிக்கொள்ள இருந்த ராஜாவின் மகனும் சாகிறான், அது தாங்காமல் ராணியும் சாகிறாள்.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேண்டாம் என்று சொல்லப்போகிறார், தப்பித்தோம் என்று நினைத்தேன். நிகழ்ச்சி நிரலை எடுத்து எதையோ கணக்குப் போட்டுவிட்டுச் சொன்னார்: “தாராளமா சாவட்டும் சார். ஆனா எல்லாரும் முப்பது நிமிஷத்துக்குள்ள சாவணும், அப்புறம் சிறப்பு விருந்தினர் பேசணும்.”

தங்கச்சி வேஷம்

நாடகத்தில் வருகிற கிரேக்கப் பெயர்களைப் பதினொன்றாம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். வகுப்பே மேஜையில் விழுந்து சிரித்தது. அன்றே பெயர்களைத் தூக்கி எறிந்துவிட்டு ராஜா, ராணி, தங்கச்சி, பெரியவர்கள் என்று வைத்துக்கொண்டோம். ராஜாவாக நடிக்கப் பன்னிரண்டு பேர் கை தூக்கினார்கள். தங்கச்சி வேஷம் என்றதும் ஒரே ஒரு கைதான் எழுந்தது. யாமினி.

எனக்குத் திக்கென்றது. திருநின்றவூரிலிருந்து ரயிலில் வருகிற பெண் அவள். அப்பா அம்பத்தூரில் லேத் பட்டறையில் இருந்தார். அவர் போய் எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சாவும் அடக்கமும் வருகிற வேஷத்தை இந்தக் குழந்தைக்குக் கொடுக்கலாமா? வேறு வேஷம் பார்க்கலாம் என்று பேச்சை மாற்றிப் பார்த்தேன். “அதான் ஐயா வேணும்” என்று உட்கார்ந்துவிட்டாள்.

அம்மாவை வரச் சொன்னேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, நான் கதையைச் சொல்லி முடிக்கிறவரை நின்றுகொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: “அன்னிக்கி நானும் வரேன்னு பாடை பின்னாலயே தெரு முனை வரிக்கும் ஓடியாந்தா சார். பொம்பளப் புள்ள சுடுகாட்டுக்கு வரக் கூடாதுன்னு பெரியவங்க சொன்னாங்க, நான்தான் புடிச்சி நிறுத்தனேன். இத்தினி பேரு மண்ணு போட்டாங்க, பெத்த பொண்ணு போடல. இப்ப நாடகத்துல போடறேன்னு கேக்கறா. சரின்னு சொல்றதா வேணான்னு சொல்றதான்னு எனுக்கே தெர்ல. பேசிப் பழகட்டும், மேட ஏர்றத நான் அப்பால சொல்றேன்.”

மார்ச் போடும் கிழவர்கள்

இந்த நாடகத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூட்டம் ஒன்று மேடையிலேயே நிற்கும். ராஜாவுக்குப் பயந்துகொண்டு, அங்கும் இங்கும் தலையாட்டி, நடு நடுவே பாடும். பதினைந்து பேரும் ஒரே ஆள் மாதிரி அசைய வேண்டும் என்று சொல்லி, அவர்களைப் பழக்குகிற பொறுப்பை முத்துராஜிடம் விட்டேன். ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பையன், அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம், என்.சி.சி.யில் கெட்டிக்காரன்.

நான்கு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், பஞ்சுத் தாடி வைத்த பதினைந்து கிழவர்களும் “தஹினே முட்!” என்ற குரலுக்கு ஒரே நேரத்தில் டக்கென்று வலது பக்கம் திரும்புகிறார்கள். மைதானத்துப் புழுதி கண்ணை மறைக்கிறது. “டேய், இவங்க தள்ளாத வயசுக்காரங்கடா” என்று தலையில் அடித்துக்கொண்டேன். முத்துராஜுக்கு ரோஷம் வந்துவிட்டது. “எங்க தாத்தாவுக்கு எம்பது வயசுய்யா, இன்னும் பாத்ரூமுக்குக்கூட மார்ச் பண்ணித்தான் போவாவ!”

பிணம் தேவை

கிரேக்கர்கள் மேடையில் யாரையும் சாகடிப்பதில்லை. எல்லாச் சாவும் உள்ளே நடக்கும், ஒருவன் ஓடிவந்து சொல்வான். இதைச் சொன்னதும் பையன்கள் கொதித்துப் போனார்கள். ஃபைட்தான் இல்லை, பிணமாவது கண்ணில் பட வேண்டாமா என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். சரி, அண்ணனின் உடல் மட்டும் மேடையில் கிடக்கட்டும் என்று இறங்கிவந்தேன்.

அங்கேதான் சனி பிடித்தது. படுக்க ஒப்புக்கொண்ட பையனின் அம்மா மறுநாள் காலை பிரேயருக்கு முன்பே வந்துவிட்டார். தலைமுறை தலைமுறையாகப் பருத்திப்பட்டிலேயே பயிர் வைத்த குடும்பம், குரலும் வயலுக்கு அந்தப் பக்கம் கேட்கிற குரல். “கல்லு மாதிரி கீற புள்ளைய படுக்க வெச்சி மண்ணு போடுவீங்களா? உங்க புள்ளைய படுக்க வையிங்க சார்!” அதற்கப்புறம் யார் வீட்டிலும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தலையணைகளை வேட்டியில் சுற்றி வைத்துப் பார்த்தோம். அதைப் பார்த்து யாமினியே சிரித்துவிட்டாள்.

கடைசியில் நானே படுத்தேன். கொஞ்சம் தொப்பை உண்டு, மூச்சு விட்டால் ஏறி இறங்கும். அதனால் வயிற்றை எக்கிக்கொண்டு அரை மணி நேரம் படுக்கப் பழக வேண்டியிருந்தது. வீட்டில் சொன்னதும் என் மனைவி பதறிப் போவாள், திருஷ்டி கழிப்பாள் என்று எதிர்பார்த்தேன். “அரை மணி நேரம் வாயைத் திறக்காம கிடப்பீங்களா? அப்போ தினமும் இங்கயும் ஒரு ஒத்திகை பாருங்க.”

எத்தனை ஊரோ அத்தனை முறை

மண் போடுகிற காட்சியை முதன்முதலாகப் பழகிய அன்று சண்டை வந்துவிட்டது. யாமினி மண்ணை அள்ளினாள். “இடது கையால போடணும்” என்றான் ஒருவன். “எங்க வேலூர்ல வலது கை” என்றாள் இன்னொருத்தி. கால்மாட்டில் நின்றா, தலைமாட்டில் நின்றா, போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கலாமா கூடாதா? குவார்ட்டர்ஸில் எந்த ஜில்லாவுக்குத்தான் ஆள் இல்லை? ஒவ்வொருவனும் அவனவன் ஊர் முறைக்காகத் தொண்டை வற்றக் கத்தினான். மூன்று பிடி என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள்.

பிணமாகக் கிடந்த நான் எழுந்து உட்கார்ந்தேன். கத்தலை அடக்குகிற அவசரத்தில், யோசிக்காமல் யாமினியைப் பார்த்து, “உங்க வீட்டுல எப்படிம்மா, அப்படியே போட்டுடு” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன். அவள் கையில் இருந்த மண்ணைப் பார்த்தபடியே சொன்னாள்: “எனக்குத் தெரியாதுய்யா. நான் பாக்கல.”

கத்தத் தெரியாத ராஜா

அன்றிலிருந்து ராஜாவுக்குக் கோபமே வரவில்லை. ராஜாவாக நடித்த சதீஷ் ஆறடி உயரம், கபடியில் ஆளைத் தூக்கிப் போடுகிறவன். யாமினி எதிரே வந்து நின்றால் மட்டும் குரல் இறங்கிப் போகும். “அவன் மேல் யாரும் மண் போடக் கூடாது” என்கிற வசனத்தை, கேன்டீனில் கடன் சொல்கிறவன் மாதிரி முனகினான். நான் திட்டினேன், கெஞ்சினேன். “எப்படிய்யா அதைப் பாத்து கத்துறது?” என்று அவனே அழுகிற நிலைக்கு வந்துவிட்டான்.

பதில் சொன்னது யாமினிதான். அவனுக்கு நேராகப் போய் நின்று, அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்: “பாவம் பாக்காத சதீஷு. நீ தடுத்தாத்தான் நான் மீறிப் போட முடியும். நல்லா கத்து.”

ரயிலேறிப் போன தூது

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது யாமினி அழுது வீங்கிய கண்ணோடு வந்தாள். சொந்தக்காரர்கள் காதுக்கு விஷயம் போய்விட்டதாம். வருஷம் திரும்புவதற்குள் சாவு நாடகமா என்று ஆளாளுக்குப் பேச, அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேறு பெண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள் ஐயா என்றாள். எனக்கு அந்த வீட்டுக்குப் போய்ப் பேச வாய் இல்லை. அந்த அம்மா சொல்வதில் என்ன தப்பு? நாடகத்தையே விட்டுவிடலாம் என்று முடிவு கட்டினேன்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், சாயங்காலம் சதீஷும் முத்துராஜும் நான்கு கிழவர்களும் ரயிலேறித் திருநின்றவூர் போயிருக்கிறார்கள். அந்த அம்மா டீ போட்டுக் கொடுத்திருக்கிறார். வாதாடவெல்லாம் இவர்களுக்குத் தெரியாது. சதீஷ் சொன்னது ஒன்றே ஒன்றுதானாம், மறுநாள் யாமினி என்னிடம் சொன்னாள்: “நீங்களே மேடை ஓரமா வந்து நில்லுங்க ஆண்ட்டி. எந்த இடத்துல உங்களுக்குத் தாங்கலையோ அங்கயே உள்ள வந்து அவளக் கூட்டிகினு பூடுங்க. யாரும் ஒண்ணியும் கேக்க மாட்டோம்.”

மூன்றாவது பிடி

விழா அன்று அந்த அம்மா வந்தார். மகளுக்குத் தாவணி கட்டிவிட்டு, பக்கத்துத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வேட்டி சட்டையோடு போய் மேடை நடுவில் மல்லாந்தேன். ஒரு விஷயத்தை அப்போதுதான் உணர்ந்தேன்: வசனம் மறந்தால் எடுத்துக் கொடுக்கிற ஆளும் நான்தான், பிணமும் நான்தான். சதீஷ் ஆணை போட்டான். அப்படி ஒரு கத்தலை நான் கேட்டதில்லை. முன் வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது.

யாமினி வந்தாள். பேச வேண்டியதைப் பேசினாள். முதல் பிடி என் மார்பில் விழுந்தது. இரண்டாவது பிடி தோளில். மூன்றாவது வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எண்ணுகிறேன், பத்து, பதினைந்து. என் முகத்துக்கு மேலே அந்தப் பெண் மூச்சு வாங்குவது மட்டும் கேட்கிறது. உதட்டை அசைக்காமல் “போடும்மா” என்று சொல்லப் போனேன். அப்போது மேடை ஓரத்திலிருந்து பலகையில் காலடி கேட்டது. அம்மா வந்துவிட்டார், கூட்டிக்கொண்டு போகப் போகிறார். போகட்டும், அதுதான் நியாயம் என்று படுத்துக்கிடந்தேன்.

சதீஷுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ராஜாவாகவே நின்று, “யார் அது?” என்றான். ராஜாவுக்குப் பயந்தே சாக வேண்டிய பெரியவர்கள் கூட்டத்திலிருந்து, எழுதாத வசனம் ஒன்று முத்துராஜ் குரலில் வந்தது: “விடுங்க ராஜா.” காலடி என் பக்கத்தில் வந்து நின்றது. வளையல் இல்லாத ஒரு கை மகளின் கையைப் பிடிப்பதைக் கண்ணை இடுக்கிப் பார்த்தேன், அந்த ஒரு தடவைதான் பிணம் கண்ணைத் திறந்தது. “போடு கண்ணு” என்று மெல்லக் கேட்டது. இரண்டு கையுமாகச் சேர்ந்து மூன்றாவது பிடியைப் போட்டார்கள். அம்மா திரும்பி நடந்து போனார். கூட்டம் அவரையும் நாடகத்தில் ஒரு வேஷம் என்றே நினைத்துக்கொண்டது. யாமினி தலையை நிமிர்த்தி அடுத்த வசனத்தைப் பிசகாமல் எடுத்தாள். நாடகம் கடைசி வரை நடந்தது.

முடிந்ததும் எட்டாம் வகுப்பு அறையில் உட்கார்ந்து சட்டையில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் என் நாடகத்தில் எனக்கே அழுகை வந்தது அன்றுதான், அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. யாமினியும் அம்மாவும் உள்ளே வந்தார்கள். நன்றி சொல்ல நான் எழுந்தேன், அதற்குள் அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். “மன்னிச்சிக்கோங்க சார். எங்க ஊட்டு வேலைய உங்க மேடையில முடிச்சிகினோம்.”

ஆகவே, அடுத்த ஆண்டு விழாவுக்கு நாடகம் போடப் போகிற நண்பர்களே, பிணத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் கவலைப்படாமல் நீங்களே படுத்துக்கொள்ளுங்கள், டைரக்டர் வாய் திறக்க முடியாமல் கிடந்தால் நாடகம் எவ்வளவு நன்றாக வருகிறது என்பது படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.