பறக்காவெட்டி என்று யாரைச் சொல்வது

பறக்காவெட்டி என்பது எங்கள் வீட்டு அடுப்படிச் சொல். மதுரைப் பக்கத்தில் அம்மா வடை சுட உட்கார்ந்தால், தம்பி சட்டியை விட்டு நகர மாட்டான். வாயில் ஒன்று இருக்கும்போதே அடுத்ததற்குக் கை நீட்டுவான். "ஏண்டா பறக்காவெட்டி, வயிறா வண்ணான் சாலா?" என்று கரண்டிக் காம்பால் தட்டுவாள். வயிறு நிறைந்த பிறகும் கை அடங்காதவனுக்குத்தான் அந்தப் பெயர். "பசிச்சுக் கேக்குறவன அப்பிடிச் சொல்லாதடி, வாய் வெந்துபோகும்" என்பதும் அவள்தான்.

கல்யாணமாகி ஓசூருக்கு வந்து, வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வருஷக்கணக்காக வேலை பார்க்கிறேன். எங்கள் லைனில் ஒரு பக்கம் கன்னடம் பேசுகிறவள், மறுபக்கம் தெலுங்கு. அந்தச் சொல் காதில் விழுந்தே வெகுகாலம் ஆகியிருந்தது. போன ஆயுத பூஜையன்று விழுந்தது. இன்றுவரை எனக்கு வயிறெரிகிறது.

அன்று மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டினார்கள். நிரந்தரத் தொழிலாளர்களுக்கு ஆளுக்கொரு இனிப்புப் பெட்டி. காண்ட்ராக்ட் ஆட்களுக்குப் பொரிகடலைப் பொட்டலம். ஒரே மெஷின், ஒரே எண்ணெய்க் கறை, பூஜையில் மட்டும் இரண்டு ஜாதி. பெட்டிகளை மெஷின் முன்னால் அடுக்கியிருந்தார்கள்.

பேக்கிங்கில் ஒரு பெண் இருந்தாள். அஞ்செட்டிக்கு உள்ளே ஏதோ மலையூர். இருட்டோடு கிளம்பி காண்ட்ராக்ட் வேனில் வருவாள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. அவளுடைய ஊரில் பூஜை முடிந்தால், வர முடியாமல் வீட்டில் கிடப்பவர்களுக்கும் பங்கு உண்டு. அதைத் தானே எடுத்துப் போவதுதான் முறை. எடுக்காமல் போனால்தான் சாமிக்குக் குறை. அந்த நினைப்பில் நேரே போய், எல்லோர் கண்ணெதிரிலும் ஒரு பெட்டியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எங்கள் ஹெச்.ஆர். அதிகாரி என் ஊர்ப்பக்கத்துக்காரர். பெட்டியைப் பிடுங்கினார்.

"என்னம்மா, பறக்காவெட்டியா நீயி? அதான் பொரி குடுத்தாச்சுல்ல?"

"எனக்கில்ல சார். ஊட்ல புள்ள ஜொரமா கெடக்குது. அதுக்குப் பங்கு எடுத்துகினேன்" என்றாள் அவள். அவளுக்கு அந்தச் சொல்லே தெரியாது. எனக்குத் தெரியும். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் வேன் கிளம்பும்போது காண்ட்ராக்டர் அவளை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். நான் அதிகாரியிடம் ஓடினேன். "சார், அவங்க திருடல. பிரசாதம்னு நெனச்சுட்டாங்க. என் பெட்டியக் குடுத்திர்றேன், வேலையில வச்சுக்கங்க" என்றேன். "டிசிப்ளின்னு ஒண்ணு இருக்கும்மா. நீங்க பெர்மனென்ட், ஒங்க வேலையப் பாருங்க" என்றார். வெளியே ஓடிவந்து என் பெட்டியை வேன் ஜன்னல் வழியாக நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "வேணாங்க்கா. அப்புறம் உன்னியும் ஏதாச்சும் சொல்லுவாங்க" என்றாள்.

இந்தக் கம்பெனியின் ஒழுங்கை நான் அறிவேன். கழிப்பறைக்குப் போனால் நேரம் பார்க்கும். சாப்பாட்டு இடைவேளையை எலி கரும்பைக் கடிப்பதுபோல ஓரத்திலிருந்து கடித்துக்கொண்டே வரும். பூஜைக்காக லைனை நிறுத்திய அரை நாளைக்கூட விட மனமில்லை. அதற்கு ஈடாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உழைக்கச் சொன்னார்கள்.

அந்த ஞாயிறும் வந்தது. ஸ்டோர் ரூமில் நாற்றம் என்று என்னையும் கன்னடக்காரப் பெண்ணையும் அனுப்பினார்கள். பூட்டிய அலமாரியைத் திறந்தால், பூஜையன்று மிஞ்சிய இனிப்புப் பெட்டிகள். யாருக்கும் கொடுக்காமல் அடுக்கி வைத்திருந்தார்கள். பால் இனிப்பில் பச்சையாகப் பூஞ்சை பிடித்திருந்தது, லட்டில் எறும்பு. எல்லாவற்றையும் பின்னாலிருந்த குப்பைக் குழிக்குத் தூக்கிப்போனோம். அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சீக்கிரம் கொட்டுங்கம்மா, லைன் நிக்குது" என்றார்.

கன்னடக்காரப் பெண் என் பக்கம் குனிந்து, "அன்னிக்கி சார் ஆ லேடிய ஏதோ சொன்னாரே, பறக்காவெட்டி... அந்த்ரே ஏனு அக்கா?" என்று மெதுவாக அர்த்தம் கேட்டாள்.

நான் மெதுவாகச் சொல்லவில்லை. "இந்தா, இதுதான். தானும் திங்காம, பசிச்ச பிள்ளைக்கும் குடுக்காம, பூட்டி வச்சு அழுக விட்டுட்டு, இன்னும் கொண்டா கொண்டான்னு நிக்கிதுல்ல, அதுக்குப் பேருதான் பறக்காவெட்டி."

அதிகாரியின் மூக்கிலிருந்து கைக்குட்டை இறங்கியது. அவருக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவர் அம்மாவும் அடுப்படியில் இதைத்தான் சொல்லியிருப்பாள். என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை ஒருமுறை பார்த்தார். பெயர் நன்றாகத் தெரியட்டும் என்று அதை நேராகத் திருப்பி விட்டுவிட்டு, கடைசிப் பெட்டியைக் குழியில் கொட்டினேன்.