நவரத்தினம் அண்ணை அளந்து தந்த சிரட்டை

நவரத்தினம் அண்ணை காலமான செய்தி எனக்கு வாய்வார்த்தையாக வரவில்லை. போன மாதம் ஒரு காலை, கோப்பாயில் எங்கள் மருந்தகம் திறந்த கையோடு, அவருடைய மனைவி அச்சுவேலியிலிருந்து வந்து என் மேசையில் ஒரு கடதாசிப் பையை வைத்தார். உள்ளே மிஞ்சிய சலரோகக் குளிசைகளும் ஒரு சிரட்டையும் இருந்தன. சிரட்டையின் உட்புறத்தில் அண்ணையின் பெயர் கீறியிருந்தது.

"அவரின்ரை எட்டாம் நாள் செலவு முடிஞ்ச கையோடை வாறன், தங்கச்சி" என்றார். அண்ணைக்கும் சலரோகம் இருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

அவரிடம் மருந்து எடுத்த உங்களுக்கு அந்தச் சிரட்டையை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஓய்வு பெறும்வரை எங்கள் மருந்தகத்தில் குளிசை கட்டித் தந்தவர் அவர், நான் மருந்துத் துண்டு எழுதுகிறவள். சலரோகம், அதுதான் நீரிழிவு, என்று யார் வந்தாலும் கையைப் பொத்திக் காட்டச் சொல்லுவார். அந்தக் கைப்பிடி அளவுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டையை அராவி, பெயரைக் கீறிக் கொடுப்பார். "மத்தியானச் சோறு இதின்ரை அளவு. மிச்ச வயித்தைக் கீரையும் பருப்பும் மீனும் நிரப்பட்டும்" என்பார். தவிடு போகாத சிவப்பரிசியும் குரக்கனும் கிடைத்தால் அதையே சாப்பிடச் சொல்லுவார். சோற்றை அடியோடு விட்டுவிட்டேன் என்று யாராவது பெருமை பேசினால்தான் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். "சோத்தோடை என்ன கோவம்? அளவிலை கவனமா இருங்கோ."

சண்டை நாளில், சாமான்களுக்குத் தடை இருந்த காலத்தில், குளிசை கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் செத்தவர்களின் வீட்டார் மிஞ்சியதைத் திருப்பிக் கொண்டுவந்து தருவார்கள். கூடவே சிரட்டையும் வந்துவிடும். வீட்டில் வைத்திருக்கப் பயம், எறியவும் மனம் வராது. அண்ணை குளிசையை அடுத்தவருக்குக் கொடுப்பார், சிரட்டையில் ஓட்டை போட்டுப் பின் யன்னலில் ஒரு கயிற்றில் கோத்துவிடுவார். என் கதிரை அந்த யன்னலுக்கு முன்னால்தான். ஒருநாள் வெளியே வேப்பிலைகூட அசையவில்லை, முதுகுக்குப் பின்னால் டக், டக் என்று கேட்டது. என்ன அண்ணை இது என்றேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"பன்னிரண்டாச்சு. அதுகளுக்குப் பசிக்குது."

பகிடி விடுகிறார் என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

பிறகு எனக்கும் அந்த வருத்தம் வந்தது. எனக்கும் சிரட்டை அராவித் தந்தார். அதே கிழமை எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண்ணுக்குச் சலரோகத்தால் ஒரு காலையே வெட்டி எடுத்துவிட்டார்கள். என் காலும் போய்விடும் என்று நான் நடுங்கிப் போனேன். சோறு, பிட்டு, பாண், குரக்கன் எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டேன். கீரையும் முட்டையும்தான் சாப்பாடு, குளிசை மட்டும் நேரம் தவறாமல். இனிச் சிரட்டை எதற்கு? அண்ணை இல்லாத நேரம் பார்த்து அதையும் அந்தக் கயிற்றில் கோத்துவிட்டேன். தேவைப்படாத சிரட்டைகள் தொங்கும் இடம்தானே அது. என் புத்தியை என்னென்று சொல்ல.

நாலாம் நாள் லீவில் வீட்டில் தனியே இருந்தேன். மத்தியானம் உடம்பு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, குசினி வாசல் இருண்டுகொண்டு வந்தது. நிலத்தில் இருந்துவிட்டேன். கூப்பிடக் குரல் வரவில்லை. அப்போது சைக்கிள் மணி கேட்டது. அண்ணை கூப்பிடாமலே உள்ளே வந்து, சட்டைப்பையிலிருந்து கடதாசியில் சுருட்டிய சீனியை எடுத்துத் தண்ணீரில் கரைத்துப் பருக்கினார். பிறகு என் அடுப்பில் தானே குரக்கன் கஞ்சி காய்ச்சினார்.

பேச்சு வந்ததும், "உங்களுக்கு ஆர் சொன்னது?" என்றேன்.

"உங்கடை சிரட்டை அந்தக் கயித்திலை கிடந்தது. ஆர் கொண்டந்து தந்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. செத்தவீட்டுக்கு எண்டுதான் வெளிக்கிட்டனான்." கஞ்சியைத் துழாவினார். "மற்றதெல்லாம் சும்மா கிடந்தது, தங்கச்சி. உங்கடை மட்டும்தான் தட்டிக்கொண்டிருந்தது."

போகும்போது சைக்கிள் பையிலிருந்து என் சிரட்டையை எடுத்து என் கையில் வைத்தார். "குளிசை தன்ரை வேலையைச் செய்யும். அதுக்கு வயித்துக்கை ஏதாவது இருக்கவேணும்."

சீனியைக் கண்ணால் காணாத அந்த நாளில் சட்டைப்பையில் யார் சீனி கொண்டு திரிவார்கள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. இப்போது தெரிகிறது. தனக்கும் இப்படிச் சீனி இறங்கினால் உயிர் தப்பவென்று வைத்திருந்ததைத்தான் எனக்குக் கரைத்துத் தந்திருக்கிறார். அதை நினைத்து, அவர் மனைவி வந்த அன்று மேசையடியில் இருந்தபடியே அழுதேன்.

அவருடைய சிரட்டையைக் கயிற்றில் கோக்க எனக்குக் கை வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, குசினி ஆணியில் என்னுடையதோடு சேர்த்துத் தொங்கவிட்டேன். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் யன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்க, மத்தியானம் டக், டக் என்று கேட்டது. எழும்பிப் போய் அரிசி கழுவினேன்.

அண்ணையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சிரட்டையும், பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட உட்காரும் பழக்கமும். தட்டுவது எது என்று நான் திரும்பிப் பார்ப்பதில்லை. முதலில் அவருடைய சிரட்டையில் சோறு போடுகிறேன், அளவு கூடாமல்.