பாஸின் மூன்று முட்டைகள்

எங்கள் வீட்டுக்கு அந்தப் பறவை வந்தது எனக்காகத்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்பாவும் தேர்வுக்கான பரிசு என்றுதான் சொன்னார். பள்ளியில் இரண்டாம் ஆண்டில் நான் வாங்கிய மதிப்பெண்களுக்கு ஒரு பென்சில்கூடப் பரிசாகக் கிடைக்காது என்பது எனக்கே தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வீடு தேடி வந்த சீதேவியை யாராவது எட்டி உதைப்பார்களா?

அப்போது ஆயர் குரோவில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். கீழே கூடமும் சமையலறையும், மாடியில் அறைகள். அப்பா சுங்கை ஊடாங்கில் எண்ணெய் ஆலையில் குத்தகையாளரிடம் வேலை பார்த்தார். அவரோடு வேலை செய்த சீன நண்பர் ஒருவர் வீட்டுக்குப் பின்னால் பறவைகள் வளர்த்தார். அவரிடமிருந்துதான் அப்பா அந்தக் காக்கட்டீல் கிளியை வாங்கி வந்தார். சாம்பல் நிற உடம்பு, கன்னத்தில் மங்கலான ஆரஞ்சுப் பொட்டு, தலையில் நிமிர்ந்த கொண்டை. "ஆம்பளதான், கன்ஃபர்ம் லா, நல்லா விசிலடிக்கும்" என்று நண்பர் சத்தியம் செய்தாராம். கொண்டையைத் தூக்கிக்கொண்டு அது எங்களை ஒவ்வொருவராக மேலும் கீழும் பார்த்த விதத்தைப் பார்த்து, தன் மேலதிகாரி நினைவு வந்ததோ என்னவோ, அப்பா அதற்கு 'பாஸ்' என்று பெயர் வைத்தார்.

அம்மா மருத்துவமனையிலிருந்து திரும்பிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. போகும்போது அம்மாவின் வயிற்றில் தம்பி இருந்தான். வரும்போது இல்லை. தம்பியைச் சாமி எடுத்துக்கொண்டது என்று அத்தை என்னிடம் சொன்னார். அத்தை அப்பாவின் அக்கா. அம்மாவைப் பார்த்துக்கொள்ள எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார். சாமிக்கு இருக்கிற பிள்ளைகள் போதாதா என்று கேட்டேன். போய் விளையாடு என்றார்.

தம்பி உயிரில்லாமல்தான் பிறந்தான் என்பதும், அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை மயக்கம் தெளிவதற்குள் அப்பாவும் மாமாவும் அவனைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள் என்பதும் பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது. முகத்தைப் பார்த்துவிட்டால் ஆயுசுக்கும் மறக்க முடியாது, பார்க்காமல் இருந்தால் சீக்கிரம் ஆறிவிடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அத்தைக்கும் ஒரு பிள்ளையை அப்படித்தான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதனால்தான் அதைப் பற்றி யாரிடமும் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

பிறப்பதற்கு முன்னால் பிள்ளைக்கு எதுவும் வாங்கக்கூடாது என்பார்கள். அதனால் அம்மா புதிதாக ஒன்றும் வாங்கியிருக்கவில்லை. என்னை ஆட்டிய ஸ்பிரிங் தொட்டிலின் கம்பிச்சுருள், அதில் கட்டுகிற சாரோங் கைலி, பழைய சேலைகளைக் கிழித்துத் துவைத்து மடித்த துணிகள், இவ்வளவுதான். எல்லாவற்றையும் அத்தை ஒரு பிளாஸ்டிக் கூடையில் அமுக்கி, அம்மா வருவதற்கு முன் மாடிப்படிக்கு அடியில், பழைய மின்விசிறிக்குப் பின்னால் தள்ளிவிட்டார்.

அம்மா வந்ததிலிருந்து கூடத்து சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சோறு கொடுத்தால் சாப்பிட்டார். கேட்டதற்குத் தலையாட்டினார். பேச்சு மட்டும் இல்லை. சத்தம் போட்டுத் திட்டுகிற அம்மாதான் எனக்குத் தெரியும். தலைமுடியை இழுத்துப் பின்னி, அசைந்தால் சீப்பால் ஒன்று போடுகிற அம்மா. அவர் திரும்ப வேண்டும் என்று தினமும் சாமி மேடைக்கு முன் நின்று கேட்டேன். அப்பா என்ன கேட்டார் என்று தெரியாது. அவரும் என் பக்கத்தில்தான் நின்றார்.

பாஸ் வந்த புதிதில் என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. விரலை நீட்டினால் கொத்தும். கூண்டுக்கு வெளியே விட்டால் தரையில் நடக்கும். பறக்கத் தெரிந்த பறவை எதற்காகக் கூடம் முழுக்க நடந்தே போகிறது என்று எனக்கு ஆச்சரியம். அப்பாவின் மஞ்சள் பாதுகாப்புத் தொப்பியைக் கண்டால் அதற்கு ஆகாது. கொண்டையைப் படுக்கப் போட்டுக்கொண்டு பாம்பு மாதிரிச் சீறும். அப்பா வேலை முடிந்து வந்ததும் தொப்பியை வாசலிலேயே வைத்துவிட்டு, "பாஸ், உள்ள வரலாமா?" என்று கேட்டுக்கொண்டு நுழைவார். வீட்டிலிருந்த எவர்சில்வர் சொம்பு அதற்கு உயிர். அதில் தெரிகிற பறவையிடம் மணிக்கணக்காகக் குசுகுசுவென்று பேசும். அந்தப் பறவை சரியாகப் பதில் சொல்லவில்லை என்றால் சொம்பைக் கொத்தும்.

நண்பர் சத்தியம் செய்த விசில் மட்டும் வரவே இல்லை.

நான் விடவில்லை. வீட்டுப் பாடத்தைக் கூண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தேன். ஒருநாள் அது இறங்கி வந்து என் கணக்குப் புத்தகத்தின் ஓரத்தைக் கொறித்தது. கொறிக்க விட்டேன். மறுநாள் என் கைமேல் ஏறி நின்றுகொண்டு கொறித்தது. பிறகு ஒரு மாலையில் தலையைக் குனிந்து, பிடரியை என் விரலுக்கு நேராகக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றது. சொறிந்துவிட வேண்டுமாம். சொறிந்தேன். கண்ணை மூடிக்கொண்டது. விரலை நிறுத்தினால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. என்னை நம்பி ஓர் உயிர் தலையைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பெருமை கொஞ்ச நாள்தான். பாஸ் அம்மாவைக் கண்டுபிடித்துவிட்டது. சோபாவின் துணியைப் பிடித்து ஏறி, படுத்திருந்த அம்மாவின் தோளில் நின்று, நைட்டியின் பொத்தானைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. அம்மா அசையவில்லை. அது விடாமல் இழுத்தது. கடைசியில் பொத்தான் கையோடு, இல்லை, அலகோடு வந்துவிட்டது.

"ச்சீ, போ சனியனே" என்றார் அம்மா.

அப்பா சமையலறையிலிருந்து ஓடி வந்தார். கையில் வெங்காயம். "என்ன சொன்ன? இப்ப என்னா சொன்ன?" என்று கேட்டார். மனைவி திட்டியதற்கு அப்படிச் சந்தோஷப்பட்ட மனிதரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அத்தை சாமி மேடைக்குப் போய்ச் சூடம் ஏற்றினார்.

அதன்பின் அம்மா எங்களிடம் ஒரு வார்த்தை, பாஸிடம் பத்து வார்த்தை என்று பேசத் தொடங்கினார். பெரும்பாலும் வசவுகள். அம்மா எழுந்து சமையலறைக்குப் போனால் அது பின்னாலேயே நடந்து போனது. எனக்குப் பொறாமையாக இருந்தது. பரிசு என்னுடையது அல்லவா? ஆனால் அப்பா என் கையைப் பிடித்து, "விடுமா, கொஞ்ச நாளைக்கு அம்மாகிட்ட இருக்கட்டும்" என்றார். அவர் குரல் கெஞ்சுவது போலிருந்ததால் விட்டுக்கொடுத்தேன்.

பிறகு பாஸின் குணம் மாறியது. காகிதத்தையெல்லாம் கிழித்துப் போட்டது. நாற்காலிக்கு அடியில், காலணி அலமாரிக்குப் பின்னால் என்று இருட்டாக இருந்த இடமெல்லாம் நுழைந்து பார்த்தது. ஒருநாள் மதியம் காணவில்லை. வீடு முழுக்கத் தேடினோம். படிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, மின்விசிறிக்குப் பின்னால் அந்தக் கூடையில், மடித்த சேலைத் துணிகளின் மேல் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்துச் சீறியது. அதன் வயிற்றுக்கு அடியில் வெள்ளையாக ஒரு முட்டை.

"அத்தே, பாஸ் முட்ட போட்டுருச்சி!" என்று கத்தப் போனேன். அத்தை என் வாயைப் பொத்தினார்.

நாலைந்து நாட்களில் முட்டைகள் மூன்றாயின. அம்மா கேட்டால் பாஸ் கூண்டில் தூங்குகிறது என்று நான் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. அப்பா நண்பரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். நண்பர் முதலில் சிரித்தாராம். ஆண் துணை இல்லாமலும் இப்படி முட்டையிடும், அடைகாக்கும், ஆனால் பொரிக்காது, தூக்கிப் போட்டுவிடு என்றாராம்.

"அவ கண்ணுல படுறதுக்குள்ள எடுத்துருடா" என்றார் அத்தை. "அந்தக் கூடையையும் சேத்து எடுத்துட்டுப் போ. இத வேற பாக்கணுமா அவ?"

அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து வேலை தொடங்கியது. நான் டார்ச் பிடித்தேன். அப்பா படிக்கு அடியில் குனிந்து கையை நுழைத்தார். பாஸ் அவர் விரலைக் கவ்விக்கொண்டு விடவில்லை. அதுவரை கேட்டிராத ஒரு சத்தத்தில் அலறியது. குளியலறைத் தண்ணீர் நின்றது.

ஈரத் தலையோடு அம்மா எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தார். கூடையைப் பார்த்தார். துணிகளைப் பார்த்தார். அப்பாவின் கையைப் பார்த்தார்.

"எடுக்காதீங்க."

"பொரிக்காதும்மா அது" என்றார் அத்தை. "சும்மா உக்காந்து உக்காந்து ஏமாந்து போகும். நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"பொரிக்காதுன்னு எனக்கும் தெரியும் அண்ணி." அம்மாவின் குரல் மெதுவாகத்தான் தொடங்கியது. "அதுவா பாத்து, அதுவா எந்திரிக்கட்டும். நீங்களா எடுக்காதீங்க. எல்லாத்தையும் நீங்களே எடுத்துட்டுப் போயிருவீங்களா? ஒரு தடவ எடுத்தது போதாதா? எம் புள்ள மொகம் எப்படி இருந்துச்சின்னுகூட எனக்குத் தெரியாதே!"

கடைசி வார்த்தைகள் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். அப்பா படியில் உட்கார்ந்து அழுதார். அவர் விரலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. பாஸ் அவ்வளவு பலமாகக் கடித்துவிட்டதே என்று பதறி, நான் மஞ்சள் தூள் எடுக்க ஓடினேன்.

அதன்பிறகு அம்மா படுக்கும் இடம் மாறியது. வயிற்றுத் தையலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்காருவார். படிக்கு அடியில் இருக்கும் பாஸின் முகம் தெரிகிற மாதிரி ஒரு பாயில் சாய்ந்துகொள்வார். தினையும் அவித்த சோளமும் தண்ணீரும் கூடைக்குப் பக்கத்திலேயே வைப்பார். பாஸ் அவரைப் பார்த்துச் சீறவில்லை. வசவுகள் நின்றுபோய், காதில் விழாத குரலில் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனால் என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வார். ஒருநாள் அத்தையும் வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். அத்தைதான் ரொம்ப நேரம் அழுதார்.

சில வாரங்கள் கழித்து, ஒரு காலையில் பாஸ் தானாகவே கூடையிலிருந்து இறங்கி வந்தது. உடம்பை உதறிச் சிலிர்த்துக்கொண்டது. கூடம் முழுக்க நடந்து, சொம்புக்கு முன்னால் போய் நின்று பேச ஆரம்பித்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா அன்று முழுக்கக் காத்திருந்தார். மறுநாளும் அது கூடைக்குத் திரும்பிப் போகாததால், கூடையிலிருந்த ஒரு துணியை எடுத்து மூன்று முட்டைகளையும் சுற்றினார். பால் காய்ச்சி ஆறவைத்து ஒரு போத்தலில் ஊற்றினார்.

"எங்க வச்சீங்கன்னு காட்டுங்க" என்றார் அப்பாவிடம்.

பெண்கள் இடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. அத்தை ஏதோ சொல்லித் தடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அம்மாவின் தலையைத் துவட்டி, முடியை முடிந்துவிட்டு, "மெதுவா ஓட்டுடா" என்று மட்டும் சொன்னார்.

என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பாஸை விட்டுவர மனமில்லாமல் சின்னக் கூண்டில் மடியில் வைத்துக்கொண்டேன். அப்பா பிறந்து வளர்ந்த தோட்டத்துக்குக் கார் போனது. செம்பனை மரங்களுக்கு நடுவில் இருந்த பழைய இடுகாட்டு ஓரத்தில் நிறுத்தி, என்னைக் காரிலேயே இருக்கச் சொன்னார்கள். வீட்டு வாசலில் பூந்தொட்டி இருக்கும்போது, மூன்று முட்டைகளைப் புதைக்க இவ்வளவு தூரம் பெட்ரோல் செலவழித்து வருவானேன் என்று நினைத்தேன். ஆனாலும் பாஸுக்கு எங்கள் வீட்டில் இருந்த மரியாதையை எண்ணிப் பெருமையாகத்தான் இருந்தது. "பாத்தியா பாஸ்?" என்று கூண்டைத் தூக்கிக் காட்டினேன்.

கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. அப்பா ஒரு சின்ன மேட்டைக் கையால் காட்டிவிட்டுத் தள்ளி நின்றார். அம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்து, கையாலேயே ஓரமாகக் கொஞ்சம் மண்ணைத் தோண்டி, துணி மூட்டையை வைத்து மூடினார். பாலை ஊற்றினார். வேலை முடிந்துவிட்டது. அம்மா எழுந்திருக்கவில்லை. முட்டைகளைப் புதைத்த இடத்தை விட்டுவிட்டு, அந்த மேட்டைத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தார். என்னைத் தூங்கவைக்கும்போது முதுகில் தட்டுகிற அதே மாதிரி. இடம் மாறித் தட்டுகிறாரே என்று சொல்லக் கண்ணாடியை இறக்கப் பார்த்தேன். அது இறங்கவில்லை.

காரில் ஏறியதும் முதல் வேலையாகச் சொன்னேன். "அம்மா, நீங்க தப்பான எடத்துல தட்டுனீங்க லா. முட்ட அந்தப் பக்கம்."

அப்பா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காரைக் கிளப்பாமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா திரும்பி, மண் ஒட்டிய கையால் என் கன்னத்தைத் தொட்டார்.

"அப்படியா? சரி, அடுத்த தடவ வரும்போது நீ வந்து காட்டு."

தலையாட்டினேன். புதைத்துவிட்ட முட்டைகளைப் பார்க்க இன்னொரு தடவை எதற்காக வரவேண்டும் என்றுதான் எனக்குப் புரியவில்லை.