எர்லீன் அக்காவுக்கு ஒரு கல்வெட்டு

“எந்த மனிசற்ற வாழ்க்கையும் எனக்கு ஒன்றரைப் பக்கம். அதுக்கு மேல போனால் மிச்சம் பொய்.”

ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு விருந்து மண்டபத்தில், யாரோ ஒருவரின் முப்பத்தோராம் நாள் மதியச் சாப்பாட்டின்போது, கையில் பாயாசக் கோப்பையோடு யோகமலர் இந்தப் பிரகடனத்தைச் செய்தார். மேசையில் இருந்த ஏழு பேரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். அதில் ஒருவர், தம்முடைய வாழ்க்கை ஒன்றரைப் பக்கத்துக்குக் காணுமா என்று யோசித்துப் பாயாசத்தைத் தொடாமலே எழும்பிப் போனதாகக் கேள்வி.

சொன்னவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ரொறன்ரோவில் எங்கள் ஆட்களில் ஒருவர் கண்ணை மூடினால் முதல் அழைப்பு டொக்டருக்கு, இரண்டாவது மண்டபத்துக்கு, மூன்றாவது யோகமலருக்கு. முப்பத்தோராம் நாள் வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, ஒரு சில்வர் கிண்ணமும், இறந்தவரின் படமும் வரலாறும் அடங்கிய ஒரு சிறு புத்தகமும் கொடுத்து அனுப்புவது மரபு. புத்தகத்தின் பெயர் கல்வெட்டு. கல்லில் வெட்டிய காலமும் இருந்திருக்கலாம். இப்போது பளபளப்புத் தாளில் எட்டுப் பக்கம். முகப்பு ஒன்று, தேவாரம் இரண்டு, வம்சாவளி ஒன்றரை, நன்றி நவிலல் ஒன்று, பின்னட்டை ஒன்று. மிச்சம் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். மாபெரும் தத்துவங்கள் பல இப்படித்தான் அச்சகத்தில் பிறக்கின்றன.

யோகமலருக்குப் பகலில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. இருபத்திரண்டு வருடங்களாக, இடுப்பு முறிந்தவர்களின் கண்ணீர்க் கதைகளை நாலு வரியில் சுருக்கிக் கணினியில் ஏற்றுகிறவர். அந்தத் தொழில்நுட்பத்தைத்தான் கல்வெட்டுக்கும் கொண்டுவந்தார். பதினான்கு கேள்விகள் கொண்ட ஒரு படிவம். வீட்டார் நிரப்பிக் கொடுத்தால் நாற்பது நிமிடத்தில் ஆள் தயார். எந்த ஆளுக்கு எந்தச் சொல் என்பதில் அவருக்கு நிகர் அவரே. கஞ்சன் என்றால் ‘எளிமையே வாழ்வாகக் கொண்டவர்’. குடிகாரர் என்றால் ‘பரந்த நட்பு வட்டம் உடையவர்’. எல்லோருடனும் சண்டை பிடித்தவர் என்றால் ‘கொள்கைப் பிடிப்பு மிக்கவர்’. இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு பேரைக் கரைசேர்த்திருந்தார். ஒருவரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை.

இருநூற்றுப் பதின்மூன்றாவது ஆள்தான் சிக்கல். அந்த ஆள் தொலைபேசியில் தானே பேசினார்.

“தங்கச்சி, நான் எர்லீன். சண்முகநாதன்ர மனிசி. எனக்கு ஒரு கல்வெட்டு எழுதோணும்.”

“ஐயோ அக்கா, அண்ணைக்கு என்ன நடந்தது?”

“அவருக்கு ஒண்டும் இல்லை. சோபாவில இருந்து முறுக்குச் சாப்பிடுறார். கல்வெட்டு எனக்கு.”

எர்லீன் அக்காவைத் தெரியாதவர் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கத்தில் குறைவு. அலபாமாவில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. வயது எழுபத்தேழு. ரொறன்ரோவில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறை வேலைக்கு வந்த முதல் கிழமையே, அங்கே பானை கழுவிக்கொண்டிருந்த சண்முகநாதனிடம், அவர் தமக்கென்று வைத்த சோறு கூழாகிவிட்டது என்று சொன்ன துணிச்சல்காரி. அந்தச் சோற்றுத் தகராறு ஐந்து வருடம் நீடித்து, றிச்மண்ட் ஹில் பிள்ளையார் முன்னிலையில் கல்யாணத்தில் முடிந்தது. மாப்பிள்ளைக்குப் பெண் ஏழு வயது மூப்பு என்று உறவினர் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்களின் முப்பத்தோராம் நாள் எல்லாவற்றுக்கும் எர்லீன் சேலை கட்டி வந்து முதல் வரிசையில் இருந்தார். தமிழையும் அங்கேதான் படித்தார். ‘உப்பு’ என்ற சொல்லுக்கு முந்தி ‘ஆழ்ந்த அனுதாபம்’ என்று சொல்லப் பழகிய ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும்.

ஞாயிறு பின்னேரம், பதினோராம் மாடியில் இருந்த அவர்களின் வீட்டுக்கு யோகமலர் போனார். அலுமாரியில் ஒரு தட்டு முழுக்கக் கல்வெட்டுகள் திகதி வாரியாக அடுக்கியிருந்தன. தம்முடைய படைப்புகள் இவ்வளவு மரியாதையாக இருப்பதைக் கண்டு எழுத்தாளர் நெகிழ்ந்தார்.

“எல்லாம் இவர் வாசிச்சுக் காட்டினவர்” என்றார் எர்லீன். “தங்கச்சி, ஒண்டு கேக்கிறன். உங்கட ஆக்களில கெட்டவை ஒருத்தரும் இன்னும் சாகேல்லையோ?”

யோகமலர் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

“எண்டாலும் அக்கா, உயிரோட இருக்கிற ஆளுக்குக் கல்வெட்டு அடிக்கிறது சரியில்லை. சனம் என்ன சொல்லும்?”

“சனம் என்ன சொல்லும்?” என்று எர்லீன் கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

“சாப்பாடும் வைச்சால் ஒண்டும் சொல்லாது” என்றார் சண்முகநாதன்.

“செத்த பிறகு எனக்கு ஆர் வாசிச்சுக் காட்டுறது?” என்றார் எர்லீன். “திகதிக்கு இடம் விடுங்கோ. பேந்து ஆரும் பேனையால நிரப்பட்டும்.”

யோகமலர் காலத்தை வீணாக்குகிறவர் இல்லை. தொலைபேசியில் கேட்ட விபரத்தை வைத்து நாற்பது நிமிடத்தில் ஒன்றரைப் பக்கத்தை ஏற்கெனவே முடித்துக் கொண்டுவந்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். அலபாமா என்னும் திருநகரில் கீர்த்தி மிக்க குடும்பத்தில் உதித்த எர்லீன் அம்மையார், இன்முகமும் விருந்தோம்பலும் ஒருங்கே அமையப்பெற்று, சமையற்கலையில் தேர்ச்சியும் பாடல் துறையில் ஈடுபாடும் கொண்டு வாழ்ந்தார்.

சண்முகநாதன் முறுக்குக் கடிப்பதை நிறுத்தினார். “ஈடுபாடோ?”

“ஓம் அண்ணை. கோயில் பஜனைக்குப் போற ஆக்களுக்குப் போடுற சொல்லு.”

“இஞ்சாரும், நீரே சொல்லும்” என்றார் அவர் மனைவியிடம்.

எர்லீன் அவசரப்படாமல் சொன்னார். சோல் என்று ஓர் இசை. தேவாலயத்தில் கடவுளைக் கூப்பிடுகிற அதே தொண்டையால் வீட்டை விட்டுப் போன காதலனைக் கூப்பிடுவது. பத்தொன்பது வயதில் மெம்பிசில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் ஒரு பாட்டுப் பாடினார். ‘சனிக்கிழமை வரைக்கும் பொறுத்திரு’ என்பது அதன் கருத்து. இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. இசைத்தட்டு வெளிவந்தபோது உறையில் வேறொரு பெண்ணின் படமும் பெயரும் இருந்தன. கம்பனிக்காரன், அவள் படத்துக்கு நல்லாய் விழுவாள் என்று சொன்னான். பாட்டு அமெரிக்கா முழுக்க ஓடியது. இன்றைக்கும் சூப்பர் மார்க்கெட்டில் மரக்கறி எடுக்கும்போது தலைக்கு மேலே ஓடுகிறது. எர்லீன் மற்றவர்களுக்குப் பின்னால் நின்று பாடி, ஒரு குழுவோடு இரண்டு கிழமைக்கு ரொறன்ரோ வந்தார். அந்த இரண்டு கிழமைக்கு இப்போது ஐம்பத்தொரு வயது.

“போன மாசம் அந்த மனிசி செத்துப் போச்சு” என்றார் எர்லீன். “பேப்பரில முழுப் பக்கம். அவவின்ர பாட்டு எண்டு. நான் கோவிக்கேல்லை. பாவம், அவவும் மேடையில அந்தப் பாட்டைப் பாடிக் கஷ்டப்பட்டவ. ஆனால் எனக்கும் ஒரு பேப்பர் வேணும். ஒரு இடத்தில, மையில, என்ர பேருக்குக் கீழ அந்தப் பாட்டு இருக்கோணும். நான் கண்ணால பாக்கோணும். அவ்வளவுதான்.”

யோகமலர் பேனாவை மூடி வைத்தார்.

“அக்கா, இதுக்கு ஏதும் ஆதாரம் இருக்கோ? கடிதம், படம், ரசீது?”

“ஒண்டும் இல்லை.”

“அப்ப எப்பிடி எழுதுறது? நாளைக்கு ஆரும் கேட்டால் என்ர பேரெல்லோ கெடும்.”

சண்முகநாதன் எழும்பிவிட்டார். “பிள்ளை, தம்பிராசற்ற கல்வெட்டில அவர் ஆங்கிலேயரை நடுங்க வைச்சவர் எண்டு எழுதினீர். ஆங்கிலேயர் போகேக்க அவருக்கு மூண்டு வயசு!”

“அது வீட்டுக்காரர் படிவத்தில எழுதித் தந்தது, அண்ணை.”

வரலாற்றில் இத்தகைய திருப்பங்கள் அபூர்வம். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் கேட்காத ஆதாரத்தை, யோகமலரின் மனச்சாட்சி அன்றைக்குத்தான் நித்திரையால் எழும்பிக் கேட்டது. எழும்பிய மனச்சாட்சி எர்லீனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“பாட்டையாவது ஒருக்காப் போடுங்கோ, கேப்பம்” என்றார் யோகமலர், எழும்பிப் போவதற்கு முன் மரியாதைக்கு.

சண்முகநாதன் போனில் போட்டார். முதல் சரணம் முழுக்க எர்லீன் அசையவில்லை. பாடிக் காட்டுவார் என்று யோகமலர் எதிர்பார்த்தார். பாடவில்லை. இரண்டாவது சரணம் தொடங்கியதும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

“இஞ்சதான். இஞ்சதான் நாசமாக்கினனான்.”

“என்னத்தை அக்கா?”

“முந்திப் போயிட்டன். மேளக்காரற்ற அடி இன்னும் விழேல்லை. நான் அரை அடி முந்தி வாயைத் திறந்திட்டன். அவர் திரும்பி என்னைப் பாத்த பார்வை! திருப்பி எடுப்பம் எண்டு கெஞ்சினன். ஒலிப்பதிவு நாடா முடிஞ்சுது, இருக்கட்டும் எண்டிட்டாங்கள். அம்பத்தெட்டு வருசம், தங்கச்சி. உலகம் முழுக்க என்ர பிழையைக் கேக்குது. கடையில இந்த இடம் வந்தால் நான் அங்க நிக்கமாட்டன். வண்டிலைத் தள்ளிக்கொண்டு மீன் பெட்டிப் பக்கம் போயிடுவன், அங்க குளிரூட்டிச் சத்தத்தில கேக்காது.”

“அதுதான் எங்கட வீட்டில எந்த நாளும் மீன்” என்றார் சண்முகநாதன்.

யோகமலர் பாட்டைத் திரும்பப் போடச் சொன்னார். அந்த இடத்தில் குரல் உண்மையாகவே முந்திக்கொண்டு வந்தது, பொறுக்க மாட்டாமல். மேளம் பின்னால் ஓடிப் பிடித்தது. கேட்கிறவனுக்கு அந்த இடத்தில்தான் நெஞ்சு ஒருதரம் நின்று போகும். உலகம் அதற்காகத்தான் இந்தப் பாட்டைக் கேட்கிறது என்பது எர்லீனைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

யோகமலர் மூடி வைத்த பேனாவைத் திறந்தார். அவருடைய தொழில் அனுபவம் அப்போது ஓர் உதவி செய்தது. இத்தனை கல்வெட்டிலும் ஒருவராவது ஒரு பிழை விட்டதாக அவர் எழுதியதில்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை. மற்றவனின் வெற்றியைத் தன்னுடையது என்று சொன்ன ஆட்கள் ஏராளம். மற்றவனின் பெயரில் ஓடுகிற பிழையைத் தன்னுடையது என்று சொல்லி, ஐம்பத்தெட்டு வருடம் மீன் பெட்டிக்குப் பின்னால் ஒளித்த ஆள் ஒருவரும் இல்லை.

“அக்கா” என்றார். “ஏன் முந்திப் போனீங்கள்?”

அந்தக் கேள்வி படிவத்தில் இல்லை.

“அதுவோ? எங்கட தேவாலயத்தில ஓர்கன் வாசிச்ச கிழவருக்குக் காது கேளாது. எப்பவும் பிந்தித்தான் வருவார். அவரைப் பாத்துக்கொண்டு நிண்டால் பாட்டு முடியாது. மாமிதான் சொல்லித் தந்தவ, எர்லீன், நீ போ, அவர் வருவார் எண்டு.”

“எந்த மாமி?”

“அப்பான்ர தமக்கை. அவவுக்கு ஒரு கால் கட்டை. ஆனால் பாட எழும்பினால் சபை முழுக்க எழும்பும்.”

யோகமலர் ஒன்றரைப் பக்கத்தைத் தாறுமாறாக மடித்துக் கைப்பைக்குள் திணித்தார். “அண்ணை, எழுதுறதுக்குக் கொப்பி ஏதும் இருக்கோ?”

நாலு ஞாயிறு கழித்து, அச்சகம் வைத்திருக்கும் ஜெனாட்டின் மேசையில் அந்தக் கொப்பி வந்து விழுந்தது. முதல் பக்கத்தில், நடுவில், கொட்டை எழுத்தில் எர்லீனின் பெயர். அதற்குக் கீழே பாட்டின் பெயர், ஒலிப்பதிவு நடந்த ஊர், ஆண்டு. அதற்கும் கீழே, ‘இரண்டாவது சரணத்தில் அரை அடி முந்தியவர்’ என்று ஒரு வரி. வேறு பட்டம் எதுவும் இல்லை.

“அக்கா, இந்தப் பாட்டு எனக்குத் தெரியும்” என்றார் ஜெனாட். “அந்த முந்திப் போற இடம்! அது இவவோ?”

“இவதான்.”

“ஆதாரம்?”

“நான் எழுதியிருக்கிறன் எல்லோ.”

ஜெனாட் கொப்பியைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே போனார். “தேவாரத்தை எங்க போடுறது?”

“எடுத்துவிடுங்கோ.”

“நன்றி நவிலல்?”

“அவ கையோட சொல்லுவா. ஆள் இருக்கிறா எல்லோ.”

“வம்சாவளியையும் எடுத்தால்கூட எட்டுக்குள்ள வராது. இதில நாப்பத்தாறு பக்கம் கிடக்கு. எத்தனையில நிப்பாட்டுறது எண்டு சொல்லுங்கோ, நான் தாள் பாக்கோணும்.”

யோகமலர் கொப்பியைத் திரும்ப வாங்கிக் கைப்பைக்குள் வைத்தார். ஞாயிறு பின்னேரம் மூன்று மணி. ஸ்காபரோவில் மீன் பொரிக்கத் தொடங்கியிருப்பார்கள்.

“இப்ப சொல்லேலாது, ஜெனாட்” என்றார் மெதுவாக. “கதையில அவ இப்பதான் ரொறன்ரோவில வந்து இறங்கியிருக்கிறா.”