மாமன் கை வைத்த கடைவாய்ப் பல்

என் மகளின் கடைவாய்ப் பல்லைக் கெடுத்தது என் அண்ணன். சர்க்கரை கெடுத்தது, பூச்சி அரித்தது என்று சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. அண்ணன்தான் கெடுத்தான்.

என் பிறந்த வீடு கடப்பாக்கம். அண்ணன் அங்கே கரையில் படகிலிருந்து மீன் எடுத்து, வண்டியில் கொண்டுபோய்க் கடைகளுக்குப் போடுகிறவன். நான் கல்யாணமாகிச் செங்கல்பட்டில் இருக்கிறேன். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் பாக்கிங் வேலை. ஒரே மகள், இரண்டாம் வகுப்பு.

எங்கள் சொந்தத்தில் எந்தப் பிள்ளைக்குப் பல் ஆடினாலும் அண்ணனிடம்தான் கூட்டி வருவார்கள். துண்டு முனையால் பல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு கதை ஆரம்பிப்பான். கதை முடிவதற்குள் பல் அவன் கையில் இருக்கும். அதைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் வீசுவதும் அவன்தான். என் மகளின் முன்பற்களையும் அவன்தான் எடுத்தான். அவள் அழவில்லை, சிரித்தாள். அதனால் பல்லைப் பற்றி அவன் ஒன்று சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

பள்ளிக்கூடம் திறந்த கொஞ்ச நாளில், மகளுக்குக் கீழ்வரிசைக் கடைசிப் பல்லில் ஒரு கரும்புள்ளி பார்த்தேன். பென்சில் முனையால் தொட்ட மாதிரி இருந்தது. செல்போனில் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டேன். அண்ணன் குரல் பதிவாகவே பதில் அனுப்பினான்.

"பால் பல்லும்மா அது. விழப்போற பல்லுக்கு இன்னாத்துக்கு டாக்டரு? உன் டாக்டரு வூடு கட்டிக்கினு கீறான் போல, நீ செங்கல் எடுத்துக் குடுக்கப் போறியா?"

கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள் விழுந்தன. என் வீட்டுக்காரரும் ஒன்று போட்டார். டாக்டரிடம் போகிற பேச்சு அதோடு நின்றது.

தீபாவளிக்குப் பிறந்த வீட்டுக்குக் கிளம்பும்போது அந்தப் புள்ளி சின்னக் குழியாகியிருந்தது. சோற்றுப் பருக்கை போய் உட்கார்ந்துகொள்ளும் அளவுக்கு. லீவு முழுக்க அந்த வீட்டில் தட்டுத் தட்டாக இனிப்பு இருக்கும். பஸ்ஸில் மகளிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். இனிப்பு வேண்டுமென்றால் மத்தியானச் சாப்பாட்டோடு சாப்பிடு. நாள் முழுக்க நொறுக்காதே. சாப்பிட்டதும் வாய் கொப்பளி. படுக்கும் முன் பல் துலக்காமல் பாயில் உட்காரக்கூடாது. அவளும் தலையாட்டினாள். அவளுடைய பிரஷ்ஷை என் கைப்பையிலேயே வைத்திருந்தேன்.

அங்கே போனால் என் பேச்சு செல்லாது என்பது எனக்குத் தெரியும். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளைக்கு முதல் இனிப்பைத் தாய்மாமன்தான் ஊட்டுவான். மாமன் கையால் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. பெற்றவளும் தடுக்கக்கூடாது. எங்கள் வீட்டு வழக்கம் அது. முதல் இனிப்போடு நிறுத்தினால் பரவாயில்லை. அண்ணனுக்கு அது காலையிலிருந்து இருட்டும்வரை கிடைத்த லைசென்ஸ். கடலுக்குப் படகு போகவில்லை, வியாபாரம் இல்லை, வீட்டிலேயே இருந்தான். மைசூர்பாகு, பாதுஷா, அண்ணி சுட்ட அதிரசம். லுங்கி மடிப்பில் தேன்மிட்டாய் வேறு. எல்லாம் பல்லில் அப்பிக்கொள்கிற சாமான்.

நான் தண்ணீர்ச் சொம்போடு மகள் பின்னால் அலைந்தேன். என்னைக் கண்டதும் அண்ணன் அவளிடம், "பல்லு போலீசு வருது கண்ணு, சரக்க ஒளிச்சிக்கோ" என்பான். அவள் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். கன்னம் உப்பியிருக்கும். அண்ணியும் சிரிப்பாள். வெடிச் சத்தத்தில் நான் கத்தியதும் யாருக்கும் கேட்கவில்லை.

சாயந்திரம் மத்தாப்பு கொளுத்திவிட்டு வந்த பிள்ளை, அண்ணன் மடியிலேயே தூங்கிப்போனாள். வாயில் பாதி தேன்மிட்டாய். நான் பிரஷ்ஷோடு போய் எழுப்பப் பார்த்தேன்.

"தூங்கற புள்ளய எழுப்பி இன்னா பேஜாரு பண்ற? ஒருநா துலக்கலன்னா பல்லு ஓடிப்பூடுமா?"

"அண்ணே, அதுல குழி கீது. உள்ள போய் ஒட்டிக்கினா வலிக்கும்."

"வலிச்சா புடுங்கிட்டாப் போச்சு. நான் கீறேன்ல."

ஈரத்துணியை விரலில் சுற்றி, தூங்குகிற பிள்ளையின் வாயில் துடைத்தேன். கடைசிப் பல் வரைக்கும் விரல் போகவில்லை. அவள் கடித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் இட்லியை ஒரு பக்கமாகவே மென்றாள். தலையைச் சாய்த்துச் சாய்த்து விழுங்கினாள். அண்ணன் மைசூர்பாகை நீட்டினான். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். என் பிள்ளை மைசூர்பாகை வேண்டாம் என்கிறாள். வாயைத் திறக்கச் சொன்னேன். ஈறு சிவந்து வீங்கியிருந்தது. அண்ணி கிராம்பை நசுக்கி வைத்தாள். வைத்ததும் பிள்ளை வீரிட்டாள்.

"தள்ளு, நான் பாக்கறேன்" என்று அண்ணன் துண்டை எடுத்துக்கொண்டு வந்தான். கதையும் ஆரம்பித்தான், ஒரு சுறா கதை. பல்லைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தான். பிள்ளை என் புடவையைக் கிழிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு அலறினாள். பல் அசையவே இல்லை.

"இன்னாடா இது, ஆடவே மாட்டேங்குது" என்றான் அண்ணன். அவன் முகத்தில் அப்படி ஒரு குழப்பத்தை நான் பார்த்ததில்லை. "சரி, நூலு கட்டி இழுத்துப் பாக்கலாம்."

அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். "கைய எடு. இனிமே இவ வாய்ல கைய வெச்ச, நடக்கறதே வேற." பெரியவன் மேல் கை வைத்துவிட்டேன் என்று அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பிள்ளையோடு பஸ் ஏறினேன்.

மாமல்லபுரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரி லீவிலும் திறந்திருக்கும் என்று பஸ்ஸில் ஒரு அம்மா சொன்னாள். இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஷட்டர் போட்டிருந்தது. தெரு நிறைய லீவுக்கு வந்த கூட்டம். ஐஸ் வண்டிக்காரன் என் பிள்ளையைப் பார்த்து மணி அடித்தான். அவள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு என் இடுப்பில் முகத்தைப் புதைத்தாள். செங்கல்பட்டு பஸ் வரும்வரை அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுடுகிறதா, என் கைதான் சுடுகிறதா என்று தெரியவில்லை.

அடுத்த நாள் காலையில்தான் செங்கல்பட்டில் டாக்டரம்மா வந்தார். எக்ஸ்ரே எடுத்தார். நான் முந்திக்கொண்டு, "பால் பல்லுதானே மேடம்?" என்றேன்.

"இல்லம்மா. இது நிரந்தரப் பல்லு. ஆறு வயசு வாக்குல பால் பல்லுக்கெல்லாம் பின்னாடி முளைக்கும். இது வர்றதுக்கு எந்தப் பல்லும் விழாது. அதனால வீட்ல யாருக்கும் புதுப் பல்லுன்னே தெரியாது. கரும்புள்ளியா இருந்தப்பவே வந்திருந்தா சும்மா அடைச்சு அனுப்பியிருப்பேன்."

"இப்போ?"

"நரம்பு வரைக்கும் போயிடுச்சு. வேரோட நுனி இன்னும் முழுசா வளரல. மருந்து வெச்சு மூடறேன். வேர் வளருதான்னு மாசக்கணக்குல பாக்கணும். வளர்ந்தா நிக்கும். இல்லன்னா எடுக்கணும். எடுத்தா அந்த இடத்துல வேற பல்லு வராது."

இப்போது மருந்து வைத்து மூடியிருக்கிறது. நிற்குமா நிற்காதா என்று டாக்டருக்கே தெரியாது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நானே துலக்கிவிடுகிறேன். துலக்கும்போதெல்லாம் பல்லின் நிறம் மாறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறேன். வேர் வளர்வது வெளியே தெரியாது. அது தெரிந்தும் பார்க்கிறேன். அவள் சோற்றை எந்தப் பக்கம் மெல்லுகிறாள் என்று பார்த்துப் பார்த்து என் சோறு இறங்குவதில்லை.

விஷயம் தெரிந்து அண்ணன் போன் செய்தான். "தெரியாம சொல்லிட்டேன்மா. குரூப்ல கிரூப்ல போட்டு மானத்த வாங்காத. நமக்குள்ள வெச்சிப்போம்."

நமக்குள் வைத்துக்கொள்ள முடியாது அண்ணே. பால் பல் என்று நீ எனக்கு மட்டும் காதில் சொல்லவில்லை. குடும்பம் மொத்தமும் கேட்கச் சொன்னாய், மொத்தமும் சிரித்தது. நம் வீட்டில் இன்னும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பின்னால் அந்தப் பல் முளைத்துக்கொண்டிருக்கும். அதில் கருப்பாக எதையாவது பார்த்தால், அவர்களைப் பெற்றவர்கள் இன்றைக்கும் உன்னிடம்தான் கேட்பார்கள். பொங்கலுக்கு எல்லாரும் கடப்பாக்கம் வருகிறார்கள். நானும் என் மகளோடு வருவேன். எல்லாரையும் உட்காரவைத்து, அவள் முகத்தைப் பார்த்து நீ பதில் சொல்ல வேண்டும்: அது பால் பல் என்று உனக்கு யார் சொன்னது?