பெயிண்டுக்கு அடியில் போன வெளிச்சம்

மாரியாத்தாளை நம்பியிருக்கிற என் சனங்களே, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. அந்த எரிச்சலைச் சொல்லாமல் ஆத்தாள் செய்ததைச் சொல்ல முடியாது.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து, தோட்டத் தமிழரான எங்கள் ஓட்டுரிமையை அரசாங்கம் பறித்துக்கொண்ட சில வருஷங்களுக்குப் பிறகு, ஒரு ஐப்பசி மழைக்காலம். மலைநாட்டில், வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் லொறி டிரைவர். லொறிக்குப் பின்னால் நீளமான ட்ரெயிலரை மாட்டி, தேயிலைப் பெட்டிகளை ஸ்டேசனுக்கு இழுத்துப்போவேன். கொழும்பிலிருந்து கம்பெனித் துரைமார் பார்வையிட வருகிறார்கள் என்று அந்த ட்ரெயிலரைப் பிரித்து, பளபளவென்று பச்சைப் பெயிண்ட் அடித்து மறுபடி பொருத்தினார்கள். அன்றிலிருந்து அதன் பின்விளக்குகள் எரியவில்லை. பல்ப் நல்லது. ஃபியூஸ் நல்லது. வயரில் கரண்டும் வருகிறது. விளக்கு மட்டும் இல்லை.

ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் போனேன்.

“பனி எறங்குனா பின்னால வர்ற வண்டிக்கு நம்ம வண்டி தெரியாதுங்க ஐயா.”

“பகல்ல ஓடுற வண்டிக்கு வெளக்கு எதுக்குடா? புதுசு மாதிரி ஆக்கிக் குடுத்தா நொட்டை சொல்றியா?”

அந்த வாரமே என் தங்கச்சி பாக்கியத்துக்கு வலி கண்டது. நேரம் போனதே தவிர பிள்ளை வரவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்துக் கார் கேட்டோம். தோட்டத்துத் துரையின் மனைவி, துரைசானி, டென்னிஸ் விளையாடப் போயிருக்கிறாராம், கார் அவரோடு போய்விட்டதாம். மனுசியின் உயிரைவிடப் பந்து பெரிதா? ட்ரெயிலரில் சாக்கு விரித்து, மழைக்குத் தார்ப்பாய்ப் படங்கு கட்டி, பாக்கியத்தையும் மருத்துவச்சி செல்லாயி அக்காவையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

பாதி வழியில், ஒரு வளைவுக்கு அப்பால் மண் சரிந்து பாதையை அடைத்திருந்தது. வண்டியை நிறுத்தினேன். இன்னும் இருட்டாத பின்னேரம்தான், ஆனால் பனி மூடி எதுவும் தெரியவில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பின்னால் இறக்கத்தில் பஸ் வரும் நேரம்.

“அக்கா, தங்கச்சியை எறக்கிருவோமா?”

“தலை தெரியுதுப்பா! இப்ப அசைக்கவே கூடாது!”

ஓடிப்போய்க் கைகாட்டலாம் என்றால், நீட்டிய என் கையே எனக்குத் தெரியவில்லை. விளக்குச் சுவிட்சைப் போட்டேன். எரியவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். எரியவில்லை. தூரத்தில் பஸ் இரைச்சல் கேட்டது.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. “ஆத்தா! நீயும் துரைமார் பக்கம்தானா? பெயிண்டுக்கு இருக்கிற மதிப்பு இந்தப் பிள்ளைக்கு இல்லையா? வெளிச்சத்தைக் குடு, இல்லாட்டி நீ எனக்கு ஆத்தா இல்ல!” என்று கத்தி, கையிலிருந்த ஸ்பேனரை ட்ரெயிலரின் இரும்புச் சட்டத்தில் ஓங்கி அடித்தேன்.

சிவப்பு விளக்கு ஒருமுறை மின்னி அணைந்தது.

அடித்த இடத்தில் முகத்தை ஒட்டிக் குனிந்து பார்த்தேன். எர்த் வயரைச் சட்டத்தோடு பிடிக்கிற போல்ட். அதன் அடியிலும் பச்சைப் பெயிண்ட்! விளக்குக்குப் போன கரண்ட் திரும்பி வர வழியில்லாமல் பெயிண்ட் மறித்திருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை கத்தியால் சுரண்டி, வயரை வைத்து இறுக்கினேன். இரண்டு விளக்கும் இரத்தச் சிவப்பாக எரிந்தன.

பிரேக் கிறீச்சிட, பஸ் கை தொடும் தூரத்தில் வந்து நின்றது. சிங்கள டிரைவர் இறங்கி வந்து, தெரிந்த தமிழில் சொன்னார்: “அண்ணே, செவப்பு லைட் பாத்தது, அதான் பிரேக் போட்டது. இல்லாட்டி எல்லாம் முடிஞ்சது!”

அப்போதுதான் படங்குக்குள் குழந்தை வீரிட்டது. பஸ்ஸில் வந்த ஆட்கள் எல்லாரும் மண்ணை அள்ளி வழி செய்துகொடுத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் டீமேக்கர் என்னைக் கூப்பிட்டார். பிள்ளை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “யாரைக் கேட்டு பெயிண்டைச் சொரண்டுன?” என்றார்.

முன்பென்றால் தலைகுனிந்து நின்றிருப்பேன். அன்று நிமிர்ந்தே சொன்னேன்: “ஆத்தா சொன்னா, சொரண்டுனேன். இனிமே வெளக்கு எரியாத வண்டியில நான் ஏற மாட்டேங்க.” மற்ற டிரைவர்மாரும் என் பக்கம் வந்து நின்றார்கள். அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் விளக்கில்லாமல் எந்த வண்டியும் வெளியே போனதில்லை.

சனங்களே, உங்களுக்கும் அநியாயம் நடந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். அவளிடம் போங்கள். அழ முடியாவிட்டால் சண்டை போடுங்கள். நான் சண்டைதான் போட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.